எலும்புத் தொற்றுக்குப் பின் எஞ்சும் வாரங்கள்: வார்டா, பிக் லைனா, வாய்வழி மருந்தா?

பிள்ளைக்குக் கடுமையான எலும்புத் தொற்று என்று தெரியவந்த முதல் சில நாள்களில் பெற்றோர் முடிவெடுக்க அதிகம் இருப்பதில்லை. காய்ச்சல், வலி, இரத்தப் பரிசோதனை, எம்ஆர்ஐ, சில வேளைகளில் சீழை வெளியேற்றும் அறுவை சிகிச்சை என்று எல்லாம் அடுத்தடுத்து நடந்துவிடும். உண்மையான தேர்வு அதற்குப் பிறகு, பிள்ளை தேறத் தொடங்கி, காலை அசைக்கும்போது அலறுவதை நிறுத்திய பிறகுதான் வருகிறது. இன்னும் மூன்று வாரத்துக்கோ அதற்கும் மேலோ ஆன்டிபயாட்டிக் மருந்து தேவை. அதை வார்டிலேயே இருந்து முடிப்பதா, பிக் லைன் எனப்படும் நீண்ட மெல்லிய குழாயைக் கையில் பொருத்திக்கொண்டு வீட்டிலிருந்தபடி இரத்தநாளம் வழியாக ஏற்றுவதா, அல்லது ஊசியை நிறுத்திவிட்டு வாய்வழி மருந்துடன் வீடு திரும்புவதா?

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை தெளிவாகத் தேறிவருகிறது, சீழ் எங்கும் தேங்கியிருக்கவில்லை, கிருமிக்கு ஏற்ற வாய்வழி மருந்து இருக்கிறது, அதை வேளை தவறாமல் கொடுக்க வீட்டில் ஆள் இருக்கிறது என்ற நான்கும் கூடிவந்தால் வாய்வழி மருந்தே முதல் தேர்வாக இருக்க வேண்டும். பிக் லைன் இல்லாமல் முடியாத பிள்ளைகள் உண்டு. ஆனால், எதற்கும் இருக்கட்டும் என்ற எண்ணத்தில் அதைப் பொருத்திக்கொள்வதைப் பாதுகாப்பு என்று நான் கருதவில்லை. நான்காவது நிபந்தனையைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. ஆகவே இந்தக் கட்டுரை அதற்கு அதிக இடம் ஒதுக்குகிறது.

நோயின் தன்மை

பிள்ளைகளின் எலும்புத் தொற்று பெரும்பாலும் வெளிக்காயத்திலிருந்து வருவதில்லை. இரத்தத்தில் கலந்த கிருமி எலும்பில் போய்த் தங்குவதால் வருகிறது. தொடை எலும்பு, கணைக்கால் எலும்பு போன்ற நீண்ட எலும்புகளின் முனையில், எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தட்டை ஒட்டிய பகுதியில் இரத்த ஓட்டம் மந்தமாக இருப்பதால் கிருமிக்கு அந்த இடம் தோதாக அமைந்துவிடுகிறது. பாதிக்கப்படுவோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. முதன்மையான கிருமி ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ். ஆறு மாதத்துக்கும் நான்கு வயதுக்கும் இடைப்பட்டவர்களிடம் கிங்கெல்லா கிங்கே என்ற கிருமியும் முக்கிய இடம் பெறுகிறது.

சிகிச்சையில் பிசகினால் நேரக்கூடியவை சிறியவை அல்ல. எலும்பைச் சுற்றியுள்ள உறையின் அடியில் சீழ் கட்டலாம். பக்கத்து மூட்டுக்குள் தொற்று பரவலாம். இடுப்பு மூட்டில் சீழ் சேர்ந்து அழுத்தம் கூடினால் தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு இரத்தம் செல்வது தடைபட்டு, அப்பகுதி அழிந்துபோகவும் கூடும். ஒன்றரை வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் இரத்தநாளங்கள் வளர்ச்சித் தட்டைக் கடந்து செல்வதால், எலும்பில் தொடங்கிய தொற்று எளிதாக மூட்டை எட்டிவிடும். வளர்ச்சித் தட்டு சிதைந்தால் அந்தக் கால் மற்றக் காலைவிடக் குட்டையாகவோ வளைந்தோ வளரும். தொற்றுள்ள எலும்புக்கு அருகிலுள்ள ஆழ்சிரையில் இரத்தம் உறைந்து, அந்த உறைகட்டி நுரையீரலுக்குச் செல்வதும் உண்டு. எம்ஆர்எஸ்ஏ எனப்படும், வழக்கமான மருந்துகளுக்கு மசியாத ஸ்டெஃபிலோகாக்கஸ் வகையினால் வரும் தொற்றில் இதை மருத்துவர்கள் தனிக் கவனத்துடன் தேடுகிறார்கள்.

சிங்கப்பூரில் நம் வீடுகளில் காலதாமதத்துக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. பிள்ளை காலை ஊன்ற மறுத்தால் "விளையாடும்போது சுளுக்கிக்கொண்டிருப்பான்" என்று எண்ணெய் தடவி நீவிவிடுவது இன்றும் நடக்கிறது. விழுந்ததற்கான தெளிவான நினைவு இல்லாமல், காய்ச்சலும் சேர்ந்து, பிள்ளை ஒரு காலை மட்டும் பயன்படுத்த மறுக்கிறது என்றால், நீவுவதை விட்டுவிட்டு கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை அல்லது தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் சிறுவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அன்றே கொண்டுபோவதுதான் சரி. இது ஒப்பீட்டுக்குப் புறம்பானதாகத் தோன்றலாம். ஆனால் சீக்கிரம் வந்த பிள்ளைக்கே பின்னால் எளிய வழிகள் திறந்திருக்கின்றன என்பதால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை.

ஊசிக்கு வலு அதிகமா?

மூன்று வழிகளையும் எடைபோடும் முன் ஒரு நம்பிக்கையைக் கையாள வேண்டியிருக்கிறது. ஊசி போட்டால்தான் நோய் கேட்கும், வாய் மருந்து சும்மா என்ற எண்ணம் நம் தாத்தா பாட்டிமாரிடம் மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். படித்த இளம் பெற்றோரிடமும் அது இருக்கிறது. எலும்பைச் சென்றடைவது இரத்தத்தில் உள்ள மருந்து. அது கையிலுள்ள குழாய் வழியாக வந்ததா, குடல் வழியாக வந்ததா என்ற வேறுபாடு எலும்புக்கு இல்லை; போதிய அளவில் வந்ததா என்பது மட்டுமே கணக்கு. லினெசோலிட் மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் ஏறத்தாழ முழுவதும் உடலில் சேர்ந்துவிடுகிறது. கிளிண்டமைசின், செஃபலெக்சின் ஆகியவை பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குச் சேர்கின்றன. குடல் சரியாக உறிஞ்சாத பிள்ளைக்கும், ஓயாமல் வாந்தி எடுக்கும் பிள்ளைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. ஃபின்லாந்தில் ஹெய்க்கி பெல்டோலாவின் குழு, கிருமி உறுதிசெய்யப்பட்ட 131 பிள்ளைகளைக் கொண்டு நடத்தி 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இரண்டு முதல் நான்கு நாள்கள் மட்டும் ஊசி மருந்து கொடுத்துவிட்டு வாய்வழிக்கு மாறினார்கள். மொத்தம் 20 நாள் சிகிச்சை பெற்றவர்களும் 30 நாள் பெற்றவர்களும் ஒரே மாதிரி குணமடைந்தார்கள். இதைப் படித்துவிட்டு இங்கேயும் 20 நாள் போதும் என்று மருத்துவரிடம் வாதாடுவது தவறு. ஃபின்லாந்தில் அந்த ஆய்வு எம்ஆர்எஸ்ஏ தொற்றுகளைக் கையாளவில்லை, சிங்கப்பூரில் அந்தக் கிருமியைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது. அமெரிக்காவின் சிறுவர் தொற்றுநோய் மருத்துவர்களும் தொற்றுநோய்ச் சங்கமும் இணைந்து 2021ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி, சிக்கலில்லாத ஸ்டெஃபிலோகாக்கஸ் எலும்புத் தொற்றுக்கு மூன்று முதல் நான்கு வாரங்களைப் பரிந்துரைக்கிறது. முதற்கட்டச் சிகிச்சையில் தேறிய பிள்ளையைப் பிக் லைனுடன் அனுப்புவதைவிட வாய்வழி மருந்துக்கு மாற்றுவதையே அது விரும்புகிறது.

நம் கேள்விக்கு நேரடியாகப் பதில் தருவது 2015ஆம் ஆண்டு வெளியான வேறோர் அமெரிக்க ஆய்வு. 36 சிறுவர் மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பிய 2,060 பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் பிக் லைனுடனும் பாதிப் பேர் வாய்வழி மருந்துடனும் போனார்கள். சிகிச்சை பலனளிக்காமல் போனது வாய்வழிக் குழுவில் 5 விழுக்காடு, பிக் லைன் குழுவில் 6 விழுக்காடு. அதாவது குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் பிக் லைன் பொருத்தப்பட்டவர்களில் 15 விழுக்காட்டினர் அந்தக் குழாயால் வந்த சிக்கலுக்காகவே அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ வார்டுக்கோ திரும்பி வர நேர்ந்தது. இது குலுக்கல் முறையில் பிள்ளைகளைப் பிரித்து நடத்திய ஆய்வன்று. கூடுதல் நோயுற்ற பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் பிக் லைனைத் தேர்ந்தெடுத்திருக்கலாம் என்ற ஐயம் நியாயமானதே. ஆய்வாளர்கள் ஒத்த நிலையிலுள்ள பிள்ளைகளை இணைத்துப் பார்த்து அதை ஓரளவு சரிசெய்திருக்கிறார்கள். ஆனாலும் குழாயின் சிக்கல் குழாய் இருந்ததால் மட்டுமே வந்தது என்பதில் எந்த ஐயத்துக்கும் இடமில்லை.

பெரியவர்களிடம் இதே கேள்வியைக் குலுக்கல் முறையில் சோதித்திருக்கிறார்கள். பிரிட்டனில் 1,054 பேரைச் சேர்த்து நடத்தி 2019ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் வாய்வழி மருந்து ஊசிக்குச் சளைக்கவில்லை. டென்மார்க்கில் 2024ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போய், சிக்கலில்லாத எலும்பு, மூட்டுத் தொற்றுள்ள பிள்ளைகளுக்குத் தொடக்கத்திலிருந்தே வாய்வழி மருந்து கொடுத்துப் பார்த்தது. அதிலும் அது பின்தங்கவில்லை. கடும் நோயுற்ற பிள்ளைகளை அந்த ஆய்வு சேர்த்துக்கொள்ளவில்லை என்பதை மறக்கக் கூடாது.

பிக் லைன் வீட்டுக்கு வந்தால்

பிக் லைன் என்பது கையின் மேற்பகுதியிலுள்ள சிரை வழியாக நுழைத்து, இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரை வரை கொண்டுபோகப்படும் மெல்லிய குழாய். சின்னப் பிள்ளைகளுக்கு இதைப் பொருத்த மயக்க மருந்தோ தூக்க மருந்தோ தேவைப்படும். முனை சரியான இடத்தில் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். ஒருமுறை பொருத்திவிட்டால் நாள்தோறும் ஊசி குத்த வேண்டியதில்லை, இரத்தமும் சில வேளைகளில் அதிலிருந்தே எடுக்கலாம் என்பது பெரிய ஆறுதல். ஊசியைக் கண்டாலே நடுங்கும் பிள்ளையின் பெற்றோருக்கு அந்த ஆறுதலின் அருமை தெரியும்.

அதன் மறுபக்கம் வீட்டுக்கு வந்த பிறகு தெரியும். குழாய் அடைத்துக்கொள்ளலாம், நழுவி வெளியே வரலாம், உடையலாம். அதைச் சுற்றி இரத்தம் உறைந்து கை வீங்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, குழாய் வழியாகவே புதிய கிருமி நேராக இரத்தத்தில் கலக்கலாம். எனவே பிக் லைன் உள்ள பிள்ளைக்குக் காய்ச்சலோ குளிர்நடுக்கமோ வந்தால், பரசிட்டமால் கொடுத்துவிட்டு விடியும்வரை பார்க்கலாம் என்ற வழக்கமான பொறுமைக்கு இடமில்லை. நள்ளிரவானாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். மற்ற நாள்களில் சாதாரணச் சளிக்காய்ச்சலாகக் கடந்துபோயிருக்கும் ஒன்று, இந்த வாரங்களில் இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையாகவும் மீண்டும் வார்டு அனுமதியாகவும் மாறிவிடுகிறது. பாலர் பள்ளிக்குப் போகும் அண்ணனோ அக்காளோ மாதத்துக்கு ஒரு சளியைக் கொண்டுவரும் வீட்டில் இது வெறும் கற்பனையன்று.

குழாய் நுழையும் இடத்தை மூடியிருக்கும் கட்டை வாரந்தோறும் பயிற்சி பெற்ற தாதி மாற்ற வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்துக் கட்டின் ஓரம் பிரிந்துவிட்டால் அடுத்த வாரம் வரை காத்திருக்க முடியாது. நீச்சல் கிடையாது, குளிக்கும்போது கையைச் சுற்றி நீர்புகாத உறை போட வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை தூக்கத்தில் குழாயைப் பிடித்து இழுக்காமல் பார்த்துக்கொள்வதும் தனி வேலை. மருந்தைப் பொறுத்தும் சுமை மாறுகிறது: செஃப்ட்ரையாக்சோன் ஒரு நாளுக்கு ஒருமுறை போதும், செஃபசோலின் மூன்று முறை தேவை, வான்கோமைசின் என்றால் சிறுநீரகத்தைக் காக்க இரத்தத்தில் அதன் அளவைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும், வேகமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிப்பெடுக்கும்.

ஊசி என்றால் வயிறு கெடாது என்ற எண்ணமும் சரியன்று. செஃப்ட்ரையாக்சோனில் ஒரு பகுதி பித்தத்தின் வழியாகக் குடலுக்குள்ளேயே வெளியேறுவதால் வயிற்றுப்போக்கு வரக்கூடும். பித்தப்பையில் கசடு சேர்வதும் உண்டு, மருந்தை நிறுத்தியதும் அது பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடும். பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் எந்த வழியில் போனாலும், வாரக்கணக்கில் உயர்ந்த அளவில் கொடுக்கும்போது வெள்ளை அணுக்களைக் குறைக்கலாம். ஆகவே இடையிடையே இரத்தப் பரிசோதனை இரண்டு வழிகளுக்கும் பொது.

வாய்வழி மருந்தின் உண்மையான விலை

வாய்வழி மருந்தைப் பரிந்துரைப்பவர்கள் அதை ஏதோ எளிய வழி போலச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. எலும்புத் தொற்றுக்கான அளவு தொண்டைப்புண்ணுக்குக் கொடுக்கும் அளவன்று. செஃபலெக்சினை எடுத்துக்கொண்டால், சாதாரணத் தொற்றுக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 50 மில்லிகிராம் கொடுப்பார்கள். எலும்புத் தொற்றுக்கு அது 100 மில்லிகிராம் வரை போகும். 16 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அந்த அளவில் நாளுக்கு 1,600 மில்லிகிராம். நான்கு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 400. ஐந்து மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அது எட்டு மில்லிலிட்டர். சரியான அளவை மருத்துவர்தான் தீர்மானிப்பார். கணக்கை இங்கே காட்டுவதன் நோக்கம் வேறு. அடுக்குமாடிக்குக் கீழேயுள்ள தனியார் மருந்தகத்தில் வேறு எதற்காகவோ போய்க் காட்டும்போது, அங்குள்ள மருத்துவர் "இவ்வளவா?" என்று புருவத்தை உயர்த்தக்கூடும், பாட்டி பயந்துபோய்ப் பாதியாகக் குறைத்துக் கொடுக்கக்கூடும். எலும்புத் தொற்றுக்கான அளவு என்று எழுதிய மருத்துவமனைக் கடிதம் கையில் இருந்தால் இந்தக் குழப்பம் வராது.

அடுத்தது சுவை. கிளிண்டமைசின் வாயில் வைக்க முடியாத கசப்பு. குளோக்சசிலினும் சிறுவர்களுக்குப் பிடிப்பதில்லை. தவிர, அதை வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டியிருப்பதால் சாப்பாட்டு நேரத்தையே மருந்தைச் சுற்றி அமைக்க வேண்டும். மைலோவில் கலந்து கொடுக்கலாமா என்று மருந்தாளரிடம் கேட்பதில் தவறில்லை. ஆனால் ஒரு குவளை மைலோவில் கலந்து பிள்ளை பாதியைக் குடித்துவிட்டு ஓடிவிட்டால், அன்றைய வேளையில் பாதி மருந்து குவளையிலேயே நின்றுவிடும். ஒரு தேக்கரண்டி அளவில் கலந்து, ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்தின் உட்புறம் செலுத்துவதே நிச்சயமான வழி. கொடுத்த சில நிமிடங்களுக்குள் வாந்தியெடுத்தால் மீண்டும் கொடுக்க வேண்டுமா, எவ்வளவு நேரம் கடந்திருந்தால் தேவையில்லை என்பதை வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. வார்டில் இருக்கும்போதே ஒன்றிரண்டு நாள் வாய்வழி மருந்தைக் கொடுத்துப் பார்த்துவிட்டுப் போகலாமா என்றும் கேளுங்கள். பிள்ளை விழுங்குமா என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான விடை இல்லை.

பக்கவிளைவுகளில் வயிற்றுப்போக்கும் தோல் தடிப்பும் முதலிடம் பெறும். கிளிண்டமைசின் எடுக்கும் பிள்ளைக்கு மலத்தில் இரத்தமோ கடும் வயிற்றுவலியோ வந்தால் உடனே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். லினெசோலிட் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் இரத்த அணுக்கள் குறையக்கூடும் என்பதால் வாரந்தோறும் இரத்தம் பார்ப்பது வழக்கம். எம்ஆர்எஸ்ஏவுக்குப் பயன்படும் கோட்ரைமோக்சசோல் கொடுப்பதாக இருந்தால், ஜி6பிடி குறைபாடு, அதாவது சில மருந்துகளால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும் பிறவிக் குறை, உண்டா என்று மருத்துவர் கேட்பார். சிங்கப்பூர் 1965ஆம் ஆண்டிலிருந்தே பிறந்த குழந்தைகளுக்கு இந்தப் பரிசோதனையைச் செய்துவருகிறது. இங்கே பிறந்த பிள்ளையின் சுகாதார ஏட்டில் விடை இருக்கும். இந்தியாவிலோ வேறெங்கோ பிறந்து வந்த பிள்ளைக்கு அந்தப் பதிவு இல்லாமல் போகலாம் என்பதால் பெற்றோரே நினைவூட்டுவது நல்லது.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது நாள் கணக்கு. முதல் வாரம் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இரண்டாவது வாரத்தின் முடிவில் பிள்ளை ஓடத் தொடங்கிவிடும். மூன்றாவது வாரத்தில்தான் ஒரு வேளை தவறும், பிறகு இரண்டு வேளை தவறும். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் நண்பகல் வேளையை யார் கொடுப்பது என்பதை முதலிலேயே முடிவுசெய்யாவிட்டால், எலும்பு குணமாகும் முன் மருந்து கைநழுவும். பணிப்பெண் கொடுப்பதாக இருந்தால் அளவை அவருடைய மொழியில் எழுதி, சிரிஞ்சில் கோடு போட்டுக் காட்ட வேண்டும். தாத்தா பாட்டி என்றால் பெரிய எழுத்தில் ஓர் அட்டவணையைக் குளிர்பதனப்பெட்டிக் கதவில் ஒட்டி, கொடுத்ததும் குறிக்கச் சொல்ல வேண்டும். இதில் எதுவும் ஒத்துவராத வீட்டைப் பொறுத்தவரை, ஒரு நாளுக்கு ஒருமுறை ஏற்றும் ஊசி மருந்துதான் நேர்மையான தேர்வு. அதைப் பெற்றோரின் தோல்வி என்று எவரும் கருதத் தேவையில்லை.

வார்டிலேயே இருப்பது

இந்த வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கண்காணிப்பு முழுமையாக இருக்கும், மருந்து நேரம் தவறாது. ஆனால் கையில் போட்ட சாதாரண ஊசிக்குழாய் சில நாள்களுக்கு ஒருமுறை பழுதாகி வேறிடத்தில் குத்த நேரும். மற்ற நோயாளிகளின் கிருமிகள் தொற்றும் வாய்ப்பும் உண்டு. பெற்றோரில் ஒருவர் கூடவே தங்கிவிட, வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகள் ஏங்கிப்போவார்கள். காய்ச்சல் இறங்காத, மீண்டும் அறுவை சிகிச்சை தேவைப்படக்கூடிய, நுரையீரலில் உறைகட்டி உள்ள பிள்ளைக்கு இதுதான் இடம். நன்றாகத் தேறிய பிள்ளையை மூன்று வாரம் வைத்திருக்க எனக்கு ஒரு மருத்துவக் காரணமும் தெரியவில்லை.

இந்த ஒப்பீடு செல்லாத இடங்கள்

மேலே சொன்னவை தேறிவரும் எலும்பு, மூட்டுத் தொற்றுக்கு மட்டுமே. மூளைக்காய்ச்சல் எனப்படும் மூளை உறை அழற்சி வந்த பிள்ளைக்கு வாய்வழி மருந்து தேர்வே அன்று; மூளைக்குள் போதிய மருந்து புக, இரத்தத்தில் மருந்தின் அளவு மிக உயர்ந்திருக்க வேண்டும். அங்கே கிருமிக்கேற்ப மெனிங்கோகாக்கஸ் என்றால் ஏறத்தாழ ஒரு வாரம், நிமோகாக்கஸ் என்றால் 10 முதல் 14 நாள்கள், சில குடல் கிருமிகள் என்றால் குறைந்தது மூன்று வாரம் என்று ஊசி மருந்து முழுவதும் நடக்கும். அந்தப் பிள்ளையின் பெற்றோர் கவனிக்க வேண்டியது மருந்தின் வழியை அன்று, செவித்திறனை. வீடு திரும்பும் முன்போ, உடல் தாங்கும் நிலை வந்த நான்கு வாரங்களுக்குள்ளோ செவிப் பரிசோதனை செய்துவிட வேண்டும். உட்செவி எலும்பாக இறுகத் தொடங்கினால் கேட்க உதவும் காக்ளியர் கருவியை அங்கே பொருத்துவது கடினமாகிவிடும் என்பதால், அதில் தாமதம் கூடாது. ஜென்டமைசின் போன்ற மருந்துகளும் செவியைப் பாதிக்கக்கூடியவை. தாய்வழி உறவினர் யாருக்காவது அத்தகைய ஊசிக்குப் பிறகு காது கேளாமல் போயிருந்தால், அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்தப் பாதிப்புக்கு ஆளாகும் ஒரு மரபணு மாற்றம் தாயிடமிருந்தே பிள்ளைகளுக்கு வருகிறது.

இதய வால்வுத் தொற்று, பிறந்த சில வாரங்களே ஆன சிசுக்கள், நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய பிள்ளைகள் ஆகியோரும் இந்த ஒப்பீட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். நம் வட்டாரத்து மண்ணிலும் நீரிலும் வாழும் மெலியோய்டோசிஸ் கிருமி எலும்பில் தங்கியிருந்தால், அது பிள்ளைகளிடம் அரிதே என்றாலும், வாரக்கணக்கில் ஊசியும் அதன்பின் மாதக்கணக்கில் வாய்வழி மருந்தும் தேவைப்படும். அதற்குக் குறுக்குவழி இல்லை.

விடுப்பும் செலவும்

சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற, ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் பெற்றோர் ஒவ்வொருவருக்கும், வேலைக்கால நிபந்தனைகள் நிறைவேறினால், ஆண்டுக்கு ஆறு நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. ஏழு முதல் 12 வயது வரை இரண்டு நாள். இருவரின் விடுப்பையும் சேர்த்தாலும் மூன்று வாரச் சிகிச்சையை அது மூடாது. அதை முதல் நாளே வார்டில் செலவழித்துவிடாமல், வீடு திரும்பிய முதல் வாரத்துக்கென்று கொஞ்சம் வைத்துக்கொள்வது நல்லது.

மெடிசேவ் எனப்படும் கட்டாய மருத்துவச் சேமிப்பில் உள்ள பெற்றோரின் பணத்தைப் பிள்ளைக்குப் பயன்படுத்தலாம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பிறந்ததிலிருந்தே மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி இருக்கிறது. நோயாளியை வீட்டிலேயே வைத்து வார்டுக்கு நிகராகக் கவனிக்கும் திட்டம் 2024 ஏப்ரல் 1 முதல் பொது மருத்துவமனைகளின் வழக்கமான சேவையாகிவிட்டது. அதற்கும் மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் பொருந்தும். உங்கள் பிள்ளைக்கு அது பொருந்துமா, தாதி வீட்டுக்கு வருவாரா அல்லது நீங்கள் தினமும் போக வேண்டுமா என்பதை மருத்துவச் சமூக ஊழியரிடம் கேளுங்கள். வேலை அனுமதியில் வந்து குடும்பத்துடன் வாழ்வோருக்கு மெடிசேவும் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் இல்லை. நிறுவனம் எடுத்துக் கொடுத்த காப்புறுதி பெரும்பாலும் வார்டுச் செலவை ஏற்று, வீட்டுச் சிகிச்சையைத் தனியாகப் பார்க்கக்கூடும். அந்த ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்காமல் பிக் லைனுக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பின்தொடர்வது ஒன்றுதான். இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு சிகிச்சை சரியாகப் போனால் வேகமாக இறங்கி, ஒரு வாரம், பத்து நாளில் இயல்புக்கு வரும். அழற்சியைக் காட்டும் மற்றோர் அளவான ஈஎஸ்ஆர் அப்படியன்று, அது மூன்று வாரம் வரை உயர்ந்தே இருக்கலாம், அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஃபின்லாந்து ஆய்வில் சிஆர்பி லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிய பிறகே மருந்தை நிறுத்தினார்கள். இறங்கிக்கொண்டிருந்த சிஆர்பி மீண்டும் ஏறினாலோ, பிள்ளை மறுபடி நொண்டினாலோ, அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்காமல் கூப்பிட வேண்டும். தேங்கிய சீழோ, விழுங்கப்படாத மருந்தோ, மாற்ற வேண்டிய மருந்தோ அதற்குக் காரணமாக இருக்கலாம். விழுங்கப்படாத மருந்துதான் காரணம் என்றால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது முக்கியம், இல்லையென்றால் தேவையற்ற எம்ஆர்ஐயும் கூடுதல் மருந்தும் பிள்ளைக்கு வந்து சேரும். தொற்று வளர்ச்சித் தட்டுக்கு அருகில் இருந்திருந்தால், மருந்து முடிந்த பிறகும் குறைந்தது ஓராண்டு வரை எலும்பியல் மருத்துவர் இரண்டு கால்களின் நீளத்தையும் அளந்து, தேவைக்கேற்ப எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார். இடுப்பு மூட்டு பாதிக்கப்பட்டிருந்தால் அந்தக் காலம் இன்னும் நீளும்.